காட்சித் துளையில் துடிக்கும் குறிகள்

முகூர்த்த மாதங்களில் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் மண்டபம் கிடைப்பதே அரிதாகிவிடுகின்ற இந்நாளில், மங்கல நாண் ஏறும் அந்த ஒரு கணத்தைப் பிடிப்பதற்காக மணவறையைச் சூழ்ந்து நிற்கும் காமிராக்களின் விலையைப் பற்றிப் பேசுவோர் அநேகர். அக்காமிராவின் வியூஃபைண்டர் என்னும் காட்சித் துளைக்குள், படத்தின் அடியோரத்தில் ஓயாது துடித்துக்கொண்டிருக்கும் சிறு குறிகள் என்ன முறையிடுகின்றன என்று கேட்போர் மிகச் சிலர். விவாகமும் காதணி விழாவும் அறுபதாம் கல்யாணமும் படத்துக்காக மறுபடி நடத்தக்கூடிய காரியங்கள் அல்ல ஆதலால், இக்குறிகளை வாசிக்கவும், சந்தர்ப்பம் நேரும்போது அவற்றை மறுக்கவும் தெரிந்திருப்பது நம்முடைய புகைப்படக்காரர்களின் முதற்கடமை என்பதே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் அபிப்பிராயம்.

ஃபிலிம் காலத்துக் காமிராக்களில் சில இவ்விஷயத்தில் மிகக் கண்டிப்பானவை. 1967-ஆம் ஆண்டு வெளிவந்த ஒலிம்பஸ் டிரிப் 35 என்னும் காமிராவில், வெளிச்சம் போதாத இடத்தில் பொத்தானை அழுத்தினால், காட்சித் துளையில் ஒரு சிவப்புக் கொடி எழுந்து நிற்கும். ஷட்டரும் திறக்க மறுத்துவிடும். அதற்கு ஓராண்டு முன்னர் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35 அவ்வாறு தடுக்கவில்லையாயினும், ஷட்டர் மெதுவாகிக் கை நடுக்கம் படத்தில் விழும் அபாயத்துக்கு மஞ்சள் விளக்கையும், வெளிச்சம் மிஞ்சியதற்குச் சிவப்பு விளக்கையும் ஏற்றிக் காட்டியது. டிஜிட்டல் காமிராவின் சுபாவம் வேறு. அது எச்சரிக்கும், எச்சரித்தபின், அழுத்தியவர் சொற்படியே படத்தையும் எடுத்துக் கொடுத்துவிடும். மெமரி கார்டு இல்லாத நிலையிலும் ஷட்டரை இயங்க அனுமதிக்கும் அமைப்பு பல காமிராக்களில் உண்டென்றால், தடுக்கும் பொறுப்பு யந்திரத்தின் கையிலிருந்து மனிதனின் கைக்கு எவ்வளவு முழுமையாக வந்து சேர்ந்துவிட்டது என்பது விளங்கும்.

பாட்டரிக் குறியும் கார்டு நிரம்பிய குறியும் எவருக்கும் தெரிந்தவை. அவற்றைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை. காமிரா தானே ஷட்டர் வேகத்தைத் தேர்ந்துகொள்ளும் முறையில், கேனானில் 30 விநாடி என்னும் இலக்கம் துடித்தால் இருள் மிகுதி என்றும், 4000 அல்லது 8000 துடித்தால் வெளிச்சம் மிகுதி என்றும் பொருள்; நிக்கான் அதையே ‘லோ’ என்றும் ‘ஹை’ என்றும் எழுதிக் காட்டும். இவையும் சிறிது பழக்கத்தில் கைவருபவையே.

மின்னல் வடிவிலுள்ள ஃபிளாஷ் குறியின் கதை அவ்வளவு எளிதன்று. அது நிலையாக ஒளிர்ந்தால் ஃபிளாஷ் தயார் என்பதை அறிந்த பலர், நிக்கான் காமிராக்களில் படம் எடுத்து முடித்த பின்னர் ஏறக்குறைய 3 விநாடி நேரம் அது துடிக்கும்போது, தன் முழுச் சக்தியையும் செலவழித்துவிட்டதாகவும், அப்படியும் வெளிச்சம் போதாமற் போயிருக்கலாம் என்றும் அது தெரிவிப்பதை அறியமாட்டார்கள். ஃபிளாஷ் மறுபடி தயாராகிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் எண்ணி அடுத்த வரிசையை மேடைக்கு அழைத்துவிடுகிறார்கள். ஃபிளாஷின் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்துகொண்டே போவது. இரு மடங்கு தூரத்தில் நிற்பவருக்குக் கிட்டுவது நான்கில் ஒரு பங்கே. ஆதலால், மூன்று தலைமுறையினர் வரிசை வரிசையாக நிற்கும் குடும்பப் படத்தில், முன்னே அமர்ந்த குழந்தைகள் பளிச்சென்றிருக்க, பின்வரிசையில் நிற்கும் பெரியப்பாவும் சித்தியும் இருளில் அமிழ்ந்துபோகிறார்கள். அந்த 3 விநாடித் துடிப்பை ஒருவர் கவனித்திருந்தால், ஐ.எஸ்.ஓ. எண்ணை ஒரு படி உயர்த்தியோ, லென்ஸின் துவாரத்தைச் சற்றே அகலத் திறந்தோ, அவர்கள் கலைந்து செல்வதற்கு முன்னர் இன்னொரு படம் எடுத்திருக்கலாம்.

வெளிச்சம் மிஞ்சிய இடங்களைப் பின்திரையில் துடிக்கச் செய்து காட்டும் வசதி நெடுநாளாகவே உண்டு. கண்ணாடியில்லாத புதிய காமிராக்களிலோ, படம் எடுப்பதற்கு முன்னரே காட்சித் துளைக்குள் அவ்விடங்களில் வரிக்குதிரைக் கோடுகள் ஓடும். மரக்காலில் நெல்லை அளந்து தலைதட்டிய பின்னர், மேலே குவிந்திருந்தது எவ்வளவு என்பதை அந்த மரக்காலைப் பார்த்து அறிய முடியாதவாறே, ஒளியுணரும் சில்லில் ஒரு புள்ளி நிரம்பிவிட்டால் அதற்கு மேல் விழுந்த ஒளியின் செய்தி எங்கும் பதிவாவதில்லை. இந்த எச்சரிக்கை மதிக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. அது நம்முடைய விழாக்களையே பெரிதும் பாதிக்கிறது. பல காமிராக்களில் அது மொத்தப் பிரகாசத்தை மட்டும் கணக்கிடுகிறதேயன்றி, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றில் ஏதேனும் ஒன்று தனியே நிரம்பிவிட்டதா என்று பார்ப்பதில்லை. அரக்குப் பட்டும் குங்குமமும் மஞ்சள் ஆடை உடுத்திக் காவடி ஏந்தி வரும் அடியார் கூட்டமும் சிவப்புப் பகுதியை முன்னதாகவே நிரப்பிவிடுகின்ற பொருள்கள். பத்துமலையில் 2006-ஆம் ஆண்டு முதல் 42.7 மீட்டர் உயரத்தில் நின்றருளும் பொன்வண்ண முருகன் சிலைமேல் நண்பகல் வெயில் விழும்போதும் அதுவே நேர்கிறது. கோடும் ஓடாது, துடிப்பும் இராது. பட்டின் நெசவும் சிலையின் மடிப்பும் மட்டும் தட்டையான வண்ணப் பூச்சாகிவிடும். இக்காலத்து மண்டபங்களில் மணவறைமேல் பாய்ச்சும் ஊதா நிற எல்.இ.டி. விளக்குகள் நீலப் பகுதிக்குச் செய்யும் கேடும் இத்தகையதே. மூன்று நிறங்களையும் தனித்தனியே வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராம் படத்தைப் பார்ப்பதொன்றே இதற்குப் பரிகாரம்.

விளக்குகளைப் பற்றிய பேச்சில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேனான் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட 7டி மார்க் 2 காமிரா முதலாக, ‘ஃபிளிக்கர்’ என்னும் சொல் காட்சித் துளையில் தோன்றலாயிற்று. மலேசியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று ஓடுவதால், குழல் விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது; ஷட்டரை விநாடியில் 500-இல் ஒரு பங்குக்கு வைத்து அடுத்தடுத்து எடுத்தால், ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் விழும். 100-க்கோ 50-க்கோ இறக்கினால், ஒளியின் முழு அலை ஒவ்வொரு படத்திலும் விழுந்து சமநிலை உண்டாகும்.

இதுவரை சொன்னவை யந்திரம் வாய்திறக்கும் சந்தர்ப்பங்கள். எதுவுமே துடிக்காமல், ஒளியளவைக் காட்டும் முள் நட்ட நடுவில் பூஜ்யத்தில் நிற்கும் சந்தர்ப்பத்தையே நான் அதிகமாக அஞ்சுகிறேன். காமிராவின் ஒளிமானி, தன் முன்னுள்ள காட்சி முழுவதையும் சராசரியாக்கினால் அது நடுத்தரச் சாம்பல் நிறமாகும் என்ற அனுமானத்தின்மேல் கட்டப்பட்ட சாதனம். கோடாக் நிறுவனம் விற்ற, 18 சதவிகித ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டை அந்த அனுமானத்தின் அடையாளம். 1983-இல் வந்த நிக்கான் எஃப்.ஏ. முதல், காட்சியைக் கட்டங்களாகப் பிரித்து அளக்கும் முறை வளர்ந்து, இன்று முகத்தைத் தேடி அளக்கும் வரை முன்னேறியிருப்பது வாஸ்தவமே; எனினும் அடிப்படை அனுமானம் முற்றிலும் அகன்றுவிடவில்லை. வெண்பூ அலங்காரமும் பட்டு வேட்டியும் சட்டத்தை நிரப்பினால், ஒளிமானி அவற்றைச் சாம்பலாக்கும் பொருட்டு வெளிச்சத்தைக் குறைக்கிறது. மணமக்களின் முகங்கள் இருண்டுபோகின்றன. தைப்பூசத்தையொட்டி இரவு வேளையில் ஜாலான் துன் எச். எஸ். லீயிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் புறப்படும்போது, கறுத்த வானமும் இருண்ட வீதியும் சட்டத்தின் பெரும்பகுதியாக அமைய, ஒளிமானி வெளிச்சத்தைக் கூட்டி ரதத்தின் வேலைப்பாட்டை வெண்ணெருப்பாக்கிவிடுகிறது. கரிய முகமொன்றை நெருங்கி எடுத்தாலும் அவ்வாறே அதை வெளிறச் செய்கிறது. முள் மூன்று சமயத்திலும் பூஜ்யத்திலேயே நிற்கும்.

இப்படி வெளிறிய முகத்தை அழகென்று ஏற்றுக்கொள்ளவும், இருண்ட முகத்தைக் கணினியில் வெளுத்துச் சாம்பல் பூத்ததாக்கவும் நாம் பழகிவிட்டது எனக்கு மிகுந்த துயரம் தரும் விஷயம். பால்மரம் வெட்டியும் தண்டவாளம் இட்டும் இந்நாட்டில் வேரூன்றியவர்களின் பேரப்பிள்ளைகள், அவர்களிடமிருந்து பெற்ற நிறத்தோடு தங்கள் கல்யாணப் படத்தில் காட்சியளிக்கக் கூடாதா? யந்திரத்தின் அளவுகோல் பாரபட்சமற்றது என்று எண்ணுவோர், ஃபிலிம் காலத்து ஆய்வுக்கூடங்களில் வெள்ளைநிறப் பெண்ணின் உருவம் பொறித்த ‘ஷெர்லி’ அட்டைகளைக் கொண்டே நிறம் சரிபார்க்கப்பட்டது என்பதை ஆராய்ந்து கனடாவைச் சேர்ந்த லோர்னா ராத் என்னும் அறிஞர் 2009-இல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படிக்கட்டும். அதே 2009-ஆம் ஆண்டில், யாரேனும் கண் மூடினால் எச்சரிப்பதற்கென்று அமைந்த நிக்கான் கூல்பிக்ஸ் எஸ்630, தைவான் பூர்வீகமுடைய ஓர் அமெரிக்கப் பெண், கண்களை நன்றாகத் திறந்து புன்னகைத்தபோதும் கண் மூடியதாக மீண்டும் மீண்டும் எச்சரித்த செய்தி உலகெங்கும் பரவியது. நம்மோடு ஒரே தெருவில் கடை வைத்திருக்கும் சீன நண்பர்களின் முகத்தையும் நம் முகத்தையும் மனத்திற்கொள்ளாமல் வகுக்கப்பட்ட எச்சரிக்கைகள் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் பின்னர்க் கணினியில் சரிசெய்துகொள்ளலாமே என்று சிலர் சொல்வர். ‘ரா’ என்னும் மூலக் கோப்பில் ஓரளவு மீட்க இயலும் என்பதையும், பின்திரையின் எச்சரிக்கை ஜேபெக் படத்தைக் கணக்கிட்டே எழுவதால் சில வேளை அவசரப்பட்டுத் துடிக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கை நடுக்கத்தால் கலங்கிய தாலி முடிச்சையும், நிரம்பிப்போன சிவப்பில் மறைந்த சரிகையையும் மீட்டுத் தரும் மென்பொருள் இல்லை. இருளிலிருந்து தூக்கி நிறுத்திய முகத்தில் புள்ளி புள்ளியாகப் பொரியும் இரைச்சலைத் துடைத்தால், தோலின் உயிரும் கூடவே போய்விடுகிறது.

ஆகவே, பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் ஸ்டூடியோ நடத்தி அனுபவம் முதிர்ந்த பெரியவர்கள், நம் சங்கங்களின் மண்டபங்களில் மாலை வேளைகளில் இளைஞர்களைக் கூட்டி, இக்குறிகளைத் தமிழில் ஒன்றொன்றாக விளக்கிச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், அதைப் பிரித்தே பாராதவர்களுக்கு அது பெரும் பிரயோசனமாகும். 500-க்கும் மேற்பட்ட நம் தமிழ்ப்பள்ளிகளில் காமிரா வைத்திருக்கும் பள்ளிகள், விழாப் படம் எடுக்கும் பொறுப்பை மூத்த மாணவர்களிடம் கொடுத்து இதனைக் கற்பிக்கலாம். கல்யாண வீட்டாருக்கும் பங்கு உண்டு. முன்பணம் கொடுப்பதற்கு முன்னர், அதே மண்டபத்தில், அதே விளக்குகளின் கீழ், வெள்ளை வேட்டியோடு வீட்டுப் பெரியவர் ஒருவரை நிறுத்தி ஒரு மாதிரிப் படம் எடுத்துக் காட்டும்படி கேட்கட்டும். வேட்டியின் மடிப்பும் அவருடைய முகத்தின் நிறமும் ஒருங்கே அதில் விழுந்திருக்கின்றனவா என்று பார்க்கட்டும். முகங்களை வெளுக்கலாகாது என்பதையும் ஒப்பந்தத் தாளில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.