தேற்றம் என்றொரு சொல்

"நிச்சயமாக வருகின்றேன்" என்று சொன்னவர் வராமற்போவதும், "பார்ப்போம்" என்று சொன்னவர் நேரத்துக்கு முன்பே வந்து நிற்பதும் நம்மிடையே வழமை. நிச்சயம் என்ற சொல் அந்த அளவுக்கு எடை குறைந்துவிட்டது. மேடையில் அரசியல்வாதி நிச்சயம் என்கிறார். கடையில் வியாபாரி நிச்சயம் என்கிறார். கேட்பவர் எவரும் அதை நம்பிப் புறப்படுவதில்லை.

நிச்சயம் வடமொழிச் சொல். திருமணப் பேச்சு முடிவானதை நிச்சயதார்த்தம் என்று குறிக்கும் அளவுக்கு அது நம்மோடு ஒன்றிவிட்டது. ஆயினும் இப்பொருளைச் சுட்டத் தமிழுக்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. திண்ணம், உறுதி, துணிபு, தெளிவு, தேற்றம் எனப் பல சொற்கள் உண்டு. ஒவ்வொன்றும் வேறு வழியாக வந்து சேர்ந்தது.

துணிதல் என்றால் வெட்டுண்ணுதல். ஐயத்தை அறுத்து எடுக்கும் முடிவே துணிபு. ஆங்கிலத்தில் இப்பொருள் தரும் சொல்லும் சலித்துப் பிரித்தல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்ததாகும். தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. பிரித்துப் பார்க்காமல் உறுதி பிறப்பதில்லை என்பதே இரண்டும் சொல்லும் செய்தி.

இலங்கைத் தமிழர்க்கு உறுதி என்றால் முதலில் நினைவுக்கு வருவது காணி உறுதிதான். நொத்தாரிசு எழுதி, சாட்சிகள் ஒப்பமிட்டு, பதிவான பத்திரம் அது. வாய்ச்சொல் அங்கே செல்லாது.

பழைய இலக்கணகாரர் இவ்விடயத்தில் கண்டிப்பானவர்கள். தொல்காப்பியர் ஏகாரத்தின் பொருள்களுள் ஒன்றாகத் தேற்றத்தைச் சொன்னார்; ஐயத்துக்கென்றே 'கொல்' என்ற இடைச்சொல்லைக் காட்டினார். தொலைவில் தெரிவது மரக்கட்டையா மனிதனா என்று தெரியாதபோது எப்படிப் பேசவேண்டும் என்பதற்கும் அவரிடம் விதி உண்டு. ஐயம் நீங்குமுன் பொதுச்சொல்லால் சொல். நீங்கியபின் துணிந்து சொல். செய்தி எழுதுவோர்க்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. 'கூறப்படுகிறது', 'நம்பப்படுகிறது', 'அஞ்சப்படுகிறது', 'உறுதிப்படுத்தப்பட்டுள்ளது' என்று பத்திரிகைகள் எழுதுவது வெறும் அலங்காரமன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு படி. இன்று கைத்தொலைபேசியில் வரும் தகவல்கள் எல்லாம் கடைசிப் படியிலேயே நின்று பேசுகின்றன.

தேற்றம் என்ற சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கலங்கிய நீர் தெளிவதும் தேறுதல். துயருற்ற மனம் ஆறுவதும் தேறுதல். பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்தால் கலங்கல் அடியில் படியும், மேலே நீர் தெளியும். இழவு வீட்டில் நாம் சொல்வதும் தேறுதல் வார்த்தைதான். உண்மை தெளியாமல் மனம் ஆறாது என்பதை மொழி என்றோ அறிந்துவைத்திருக்கிறது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கேட்பது இந்தத் தேற்றத்தையே. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மார் வேறெதையும் கேட்கவில்லை. எங்கே, என்ன நடந்தது, யார் பொறுப்பு என்றே கேட்டனர். பதில் அறியாமலே கண்மூடிய பெற்றோர் பலர்.

அவர்களுக்குக் கிடைத்தவை எவை? ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவரை இறந்தவராகப் பதிய 2010இல் ஒரு சட்டம் இடமளித்தது. இறப்பை ஒப்ப மனமில்லாதோர்க்காக, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் சொல்லும் சான்றிதழை 2016இன் திருத்தம் தந்தது. இது நேர்மையான ஆவணம் என்றே கூறவேண்டும். தெரியாததைத் தெரிந்ததாக அது சொல்லவில்லை. அதே ஆண்டில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறியது. பின்னர் 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்று ஐக்கிய நாடுகளின் வதிவிடப் பிரதிநிதியிடம் கூறியதாக அவரது செயலகமே அறிவித்தது. எவர், எங்கே, எந்நாளில், எவரால் என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. ஆயிரக்கணக்கானோரின் கதையை ஒரே வசனத்தில் முடித்துவிட முற்பட்ட கூற்று அது.

அதைத் துணிபு என்று சொல்ல முடியாது. அங்கே எதுவும் பிரித்துப் பார்க்கப்படவில்லை. தேற்றமும் அன்று; எவரும் தேறவில்லை. பெயர் பெயராக விசாரித்து, இடம் இடமாகத் தோண்டி, ஆவணங்களைத் திறந்து சொல்லும் சொல்லுக்கே அந்தப் பெயர் பொருந்தும். அதுவரை அந்தத் தாய்மாரின் ஐயத்தைப் பிடிவாதம் என்று எவரும் அழைக்க வேண்டாம். கட்டையா மனிதனா என்று தெரியாத இடத்தில் இலக்கணம் விதித்த முறையிலேயே அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.