நாலு லட்சம் பிரதி

1920இல் கடையத்திலிருந்து பாரதி நண்பர்களுக்கு ஒரு சுற்றுக்கடிதம் அனுப்பினார். தம் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாக்கி, ஒவ்வொன்றையும் 10,000 பிரதி அச்சிடப் போகிறார். ஆக நாலு லட்சம். முதல் செலவுக்கு 20,000 ரூபாய் வேண்டும். ஆளுக்கு நூறு ரூபாயாவது கடன் கொடுத்தால் வட்டியோடு திருப்பித் தருவதாகச் சொல்கிறார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல இந்த நூல்கள் விற்றுத் தீரும் என்பது அவர் கணக்கு. தமிழகத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய பத்துப் பேர்தான் இருந்த காலம் அது. சிறையிலிருந்து வந்து, மனைவியின் ஊரில், கையில் காசில்லாமல் இருந்தவர் போட்ட கணக்கு.

கவிஞனுக்குப் பேராசை ஆகாது என்கிறார்கள். எதன்மேல் ஆசை என்று முதலில் கேட்க வேண்டும். முந்தைய ஆண்டுதான் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதியிருந்தார் பாரதி. அதிலும் பெருமிதத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது பழைய புலவர் வழி: ஒரு சபை, ஒரு புரவலர், ஒரு பரிசு. கடையத்துக் கடிதத்தில் புரவலரின் இடத்துக்கு, கடையில் மண்ணெண்ணெய் வாங்க நிற்கும் ஜனங்கள் வந்துவிட்டார்கள். என் மனம் இந்த ஆசையின் பக்கம்தான்.

ஏனென்றால் அது அவர் யாப்புக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. காவியம் என்றால் விருத்தம் என்றிருந்த மரபில், பாஞ்சாலி சபதத்துக்கு அவர் நொண்டிச் சிந்தைப் பெரிதும் கையாண்டார். நொண்டி நாடகங்களில் ஊர் ஜனங்கள் கேட்டுப் பழகிய மெட்டு அது. ஓரிரு வருஷம் தமிழ் படித்தவருக்கும் விளங்க வேண்டும் என்று 1912இல் முதல் பாகத்தின் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். பண்டிதர்களின் மெச்சுதல் போதும் என்றிருந்தால் அந்தச் சிந்தைத் தொட்டிருக்கவே மாட்டார்.

இன்று கவிதை நூலைச் சில நூறு பிரதி அச்சிடுவதே துணிச்சல். அதைவிட என்னை வருத்துவது, எழுதும்போதே அந்தச் சில நூறு பேரை மட்டும் மனத்தில் வைத்து எழுதுவது. விருதுப் பட்டியலில் பெயர் வர ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்த ஆசை ஒரு வரியைக்கூடத் திருத்தித் தராது. படிப்பில்லாத வீட்டிலும் என் பாட்டு கேட்க வேண்டும் என்ற ஆசை, ஒவ்வொரு சொல்லையும் மறுபடி எடுத்துப் பார்க்க வைக்கும்.

கடையத்துக்கு அந்தப் பணம் வந்து சேரவில்லை. அதே ஆண்டின் இறுதியில் பாரதி சென்னைக்கு வந்து சுதேசமித்திரனில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் மறைந்தார். பாஞ்சாலி சபதத்தின் இரண்டாம் பாகம் 1924இல்தான் நூலாக வந்தது. அது அச்சேறுமா என்று தெரியாதபோதும், நொண்டிச் சிந்தின் ஓசை ஓரிடத்திலும் தளராமல் அதை எழுதி முடித்து வைத்திருந்தார்.