ஒன்றும் செய்யாத மருந்து

கர்ப்பவதியான ஒரு பெண்ணுக்குத் தலைவலி கண்டால், அதற்கு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா, கூடாதா என்று டாக்டரிடம் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுத் தெளிந்த பிறகே வாயில் போடுகிறாள்; அவளே, அண்டை வீட்டு அம்மாள் சொன்னாள் என்றோ, மாமியார் அக்கறையோடு காய்ச்சிக் கொடுத்தார் என்றோ, கஷாயமும் சூரணமும் லேகியமும் உட்கொள்ளும்போது யாரையும் எதுவும் கேட்பதில்லை. கேட்பானேன் என்றால், "பச்சிலைதானே, ஒன்றும் செய்யாது" என்ற சமாதானம் தயாராக இருக்கிறது. ஒன்றும் செய்யாத வஸ்து வாந்தியை நிறுத்தாது, மலச்சிக்கலையும் போக்காது. இவற்றைச் செய்யும் சக்தி அதற்கு உண்டு என்று ஒப்புக்கொண்டால், வேண்டாததைச் செய்யும் சக்தியும் உண்டு என்று ஒப்புக்கொண்டே தீர வேண்டும்.

விளக்கெண்ணெயையே எடுத்துக்கொள்வோம். மாதம் நிறைந்தும் வலி காணாத பெண்ணுக்கு அதைக் கொடுக்கும் வழக்கம் பல தேசங்களில் வெகுகாலமாக உண்டு. அது குடலைக் கலக்குவதன் விளைவாகவே வலி எடுக்கிறது என்று பலரும் எண்ணியிருக்க, அந்த எண்ணெயிலுள்ள ரிசினோலிக் அமிலம் கர்ப்பப்பையின் தசையையும் நேராகவே தூண்டிச் சுருங்கச் செய்கிறது என்பதை 2012இல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் சுண்டெலிகளிடம் நடத்திய சோதனைகளால் காட்டினார்கள். பாட்டிமார்களின் அனுபவம் பொய்யல்ல என்பதற்கு இது அத்தாட்சி. அதே எண்ணெயை ஆறாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ மலச்சிக்கலுக்கென்று தாமாகவே குடிப்பது எவ்வளவு விபரீதம் என்பதற்கும் இதுவே அத்தாட்சி. இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரமும் இத்தகையதே: அளவு மிஞ்சினால் அது இரத்த அழுத்தத்தை ஏற்றி, உடம்பின் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும்; கர்ப்ப காலத்து இரத்தக் கொதிப்பு தாய்க்கும் சிசுவுக்கும் எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆயினும் எல்லா மூலிகைகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமன்று. மசக்கையின் குமட்டலை இஞ்சி ஓரளவு தணிக்கிறது என்பது பல பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. உணவில் சேரும் அளவில் அதற்கு அஞ்ச வேண்டியதும் இல்லை. குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று பாலில் போடும் இரண்டு இழை குங்குமப்பூவால் தீங்கு இல்லை, நிறமும் இல்லை. அதையே கிராம் கணக்கில் விழுங்கினால் அது விஷம். ஆக, பொருளின் பெயரைக் கேட்டு மாத்திரம் நல்லது கெட்டது சொல்ல முடியாது; அளவையும் மாதத்தையும் உட்கொள்பவளின் தேகஸ்திதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறதா என்பது வேறு விஷயம். 2011, 2012 ஆண்டுகளில் நியூயார்க் நகரத்தில் ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈய நஞ்சு கண்டு, சுகாதார அதிகாரிகள் காரணத்தைத் தேடியபோது, அந்தத் தேடல் அப்பெண்கள் உட்கொண்ட ஆயுர்வேத மருந்துகளில் கொண்டுபோய் விட்டது. அவற்றுள் சில கர்ப்பத்தின் க்ஷேமத்தை உத்தேசித்தே உட்கொள்ளப்பட்டவை. ஈயம் தாயோடு நிற்பதில்லை; நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் மூளையையும் எட்டுகிறது.

"ஆங்கில மருந்து மட்டும் யோக்கியமா?" என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதே. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, மசக்கைக்கும் தூக்கத்துக்கும் தாராளமாகக் கொடுக்கப்பட்டு, 1961இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடமைடு, பதினாயிரம் குழந்தைகளுக்கு மேல் அங்கஹீனத்தோடு பிறக்கக் காரணமாயிற்று. அம்மருந்தும் யாதொரு தீங்கும் செய்யாதது என்ற விளம்பரத்தோடுதான் வந்தது. ஆகவே அந்த அனர்த்தத்திலிருந்து நாம் கற்க வேண்டியது, ஆலையில் செய்தது கெட்டது, காட்டில் முளைத்தது நல்லது என்பதன்று; கர்ப்பிணிக்குத் தகுமா என்று ஆராயாத எதையும் தகும் என்று சொல்லக்கூடாது என்பதே.

இதைச் சொல்வது நாட்டு வைத்தியத்தை நிந்திப்பதாகாது. நம்முடைய வைத்தியர்கள் நாடி பிடித்து, மாதம் கேட்டு, பத்தியம் விதித்து, அதன் பிறகே மருந்து கொடுத்தார்கள். தமிழக அரசின் மகப்பேறு சஞ்சீவித் திட்டத்திலும் மாதுளை மணப்பாகு முதலான சித்த மருந்துகள் இன்ன காலத்துக்கு இன்னது என்ற வகுப்போடுதான் வழங்கப்பட்டன. அந்த ஒழுங்கு இன்று எங்கே குலைகிறது என்று பார்க்க வேண்டுமானால், ஏதேனும் ஒரு நாட்டு மருந்துக் கடையின் முன் சற்று நின்றால் போதும்: தகர டப்பாவிலிருந்து வேரையும் பட்டையையும் அள்ளித் தராசில் போடும் கடைக்காரர், "எத்தனை கிராம் வேணும்?" என்று கேட்கிறாரே ஒழிய, "யாருக்கு, எத்தனையாவது மாசம்?" என்று கேட்பதில்லை. வைத்தியரைத் தள்ளிவிட்டு மருந்தை மட்டும் வைத்துக்கொள்வதற்குப் பாரம்பரியம் என்று பெயரிடுவது, பாரம்பரியத்துக்கே செய்யும் துரோகம்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கும்போதே, "வீட்டில் கஷாயம், சூரணம் ஏதாவது சாப்பிடுகிறாயா அம்மா?" என்று செவிலியர் ஒரு வார்த்தை கேட்டு, வரும் பதிலைத் தாய் சேய் அட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும். பதிலைக் கேட்ட டாக்டர் சீறக்கூடாது. ஒரு முறை திட்டு வாங்கியவள் மறுமுறை உண்மையைச் சொல்லமாட்டாள். கர்ப்பிணிகளுக்கு ஆகாத சரக்குகளின் பெயரைச் சித்த வைத்தியர்களையும் கலந்துகொண்டு தொகுத்து, கடைதோறும் கண்ணில் படும்படி தமிழில் எழுதி வைக்கச் சர்க்கார் உத்தரவிட வேண்டும். மாத்திரைக்குக் கேட்கும் அதே கேள்வியைக் கஷாயத்துக்கும் கேட்பது மூலிகைக்கு அவமரியாதை அல்ல. அதை மருந்து என்று மெய்யாகவே மதிப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் மரியாதை அதுதான்.