கிரில்லை கடைசியா செலக்ட் பண்ணுங்க

பிளேஸ்மென்ட் முடிஞ்சதும் நம்ம பசங்க போடுற 'முதல் சம்பளத்தில் வாங்கப் போறது' லிஸ்ட்டில் இப்போ கேஸ் கிரில்லும் சேர்ந்திருக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மொட்டை மாடி, எதிரே மலை, கையில் சுடச்சுட சிக்கன். ஆசை நியாயமானதுதான். ஆனா நாம அதை வாங்குற வரிசைதான் தலைகீழா இருக்கு.

ஆன்லைனில் முதலில் எத்தனை பர்னர்னு பார்க்கிறோம். அப்புறம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, மூடியில் தெர்மாமீட்டர் இருக்கா, ஆஃபர் எவ்வளவு. பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் "சிலிண்டரை எங்கடா வைக்கிறது?" என்ற கேள்வியே வருது. என் கருத்து: அதுதான் முதல் கேள்வி. இடம், கேஸ், அளவு, கடைசியாத்தான் மாடல்.

இடத்தை எடுத்துக்குங்க. எல்பிஜி காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. லீக் ஆனா மேலே போகாது, தரையோடு படரும். திறந்த மாடிதானே, காத்து அடிச்சிட்டுப் போயிடும்னு நினைப்போம். ஆனா நம்ம மாடிகளைச் சுத்தி இடுப்பளவு கைப்பிடிச் சுவர் இருக்கு. கேஸ் வெளியேற மழைத்தண்ணி போற ஓட்டையும் மாடிப்படிக் கதவும்தான் வழி. அந்தப் படி நேரா வீட்டுக்குள்ளே இறங்குது. காற்றில் சுமார் 2 சதவீதம் எல்பிஜி கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். அதனால படிக்கட்டிலிருந்து தள்ளி, மேலே ஷீட்டும் துணிக்கொடியும் இல்லாத ஒரு மூலை கிடைக்குதான்னு முதலில் பாருங்க. கிடைக்கலைன்னா கிரில்லே வேண்டாம்.

அடுத்தது கேஸ். இதைத்தான் விளம்பரம் சொல்லாது. நம்ம வீட்டு ரெகுலேட்டர் கொடுக்கும் அழுத்தம் சுமார் 30 மில்லிபார். வெளிநாட்டுக்குன்னு செஞ்ச கிரில்லில் வேற நம்பர் இருக்கலாம். ஜெர்மனிக்கான மாடல்களில் 50 மில்லிபார் என்று இருக்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரை கிளியர் பண்ணினவங்க கணக்கு போட்டுப் பாருங்க. ஜெட் வழியாகப் போகும் கேஸின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 50-க்கான பர்னரை 30-ல் ஓட்டினா சுமார் 77 சதவீத வெப்பம்தான் வரும். சிக்கன் சுடாது, வேகும். உடனே ஹோட்டல் அடுப்புக்கு விற்கிற ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டலாம்னு ஒரு ஐடியா வரும். அதை மட்டும் பண்ணாதீங்க. அந்த பர்னரும் டியூபும் அதுக்காகச் செஞ்சது இல்ல. இயற்கை எரிவாயுவுக்கான மாடலும் இங்கே ஆகாது. அதன் ஜெட் துளை பெருசு; எல்பிஜி கொடுத்தா தீ மஞ்சளா எகிறி கரி பிடிக்கும்.

மூணாவது அளவு. பெட்டியில் 30,000 பி.டி.யூ. என்று பெருசா போட்டிருப்பாங்க. பார்க்க கெத்தா இருக்கும். அதை கேஸ் கணக்கில் பாருங்க: எல்லா பர்னரும் ஃபுல்லா எரிஞ்சா மணிக்கு கிட்டத்தட்ட 0.7 கிலோ. 14.2 கிலோ சிலிண்டர் சுமார் 20 மணி நேரத்தில் காலி. அம்மா அந்த சிலிண்டரை வச்சு எத்தனை வாரம் சமைக்கிறாங்கன்னு கேட்டுப் பாருங்க. நாலு பேர் வீட்டுக்கு இரண்டு பர்னர் போதும். ஒரு பக்கம் எரியவிட்டு மறுபக்கத்தை அணைச்சு, மூடி போட்டு மெதுவா வேகவைக்க அந்த இரண்டு போதும். மிச்சமாகும் காசில் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, உள்ளே கம்பி வலை வச்ச ரப்பர் டியூபும் ஒரு இறைச்சி தெர்மாமீட்டரும் வாங்குங்க. கோழியின் உள்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட்டா வெந்ததுன்னு அர்த்தம். மேலே கருகினதை வச்சு முடிவு பண்ண முடியாது.

"கரியில் சுட்ட டேஸ்ட் வராதே?"ன்னு ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். பாதி உண்மை. கரிப்புகைக்குன்னு ஒரு மணம் உண்டு, ஒத்துக்கிறேன். ஆனா நாம ரசிக்கும் சுட்ட மணத்தில் பெரும் பங்கு, கொழுப்பும் மசாலாவும் சூடான தகட்டில் சொட்டி எழும் புகையிலிருந்து வருது. அது கேஸிலும் கிடைக்கும். வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் தெருவில் பக்கத்து மாடிக்கு தீப்பொறி பறக்காதது கூடுதல் நிம்மதி.

இன்னொண்ணு, கிரில் என்றாலே கறி என்று யார் சொன்னது? கிரிவலப் பாதையில் தணலில் சுட்டு எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தடவித் தரும் மக்காச்சோளம் நம்ம ஊரு கிரில்தானே. கொத்சுக்கு கத்திரிக்காய் சுடலாம், அப்பளம் சுடலாம், பனீர் சுடலாம். சைவ வீட்டிலும் இது தூங்காது.

வாங்கின பிறகு சில பழக்கங்கள். மூடியைத் திறந்து வச்சுட்டுத்தான் பத்த வைக்கணும். மூடியிருந்தா உள்ளே கேஸ் தேங்கி ஒரே அடியா பிடிக்கும். சிலிண்டரை எப்பவும் நிமிர்த்தித்தான் வைக்கணும். ஜாயின்ட்டுகளில் சோப்பு நுரை தடவி குமிழி வருதான்னு பாருங்க. கொழுப்பில் தீ பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க. பர்னரை, ரெகுலேட்டரை அணைங்க. கேஸ் வாசனை நிக்கலைன்னா 1906-க்கு போன் பண்ணுங்க.

நம்ம ஊருக்குன்னு ரெண்டு விஷயம் தனியா சொல்லணும். தீபத்தன்னிக்கு கிரில்லைத் தொடாதீங்க. அன்னிக்கு சொந்தக்காரங்க எல்லாரும் மாடியில் இருப்பாங்க. தரையிலும் சுவரிலும் வரிசையா அகல் விளக்கு எரியும். தரையோடு படரும் கேஸுக்கு அதைவிட மோசமான நாள் கிடையாது. ரெண்டாவது, பௌர்ணமிக்கு கடை போட்டு பாக்கெட் மணி பார்க்கலாம்னு பிளான் பண்றவங்களுக்கு: வீட்டு சிலிண்டரை கடைக்குக் கொண்டுபோறது சட்டப்படி தப்பு. வியாபாரத்துக்கு 19 கிலோ வணிக சிலிண்டரோ 5 கிலோ சின்ன சிலிண்டரோ தனியா வாங்கணும்.

ஆக, ஆர்டர் பட்டனைத் தட்டும் முன் மூணு கேள்விக்குப் பதில் வேணும்: சிலிண்டர் எங்கே நிக்கும்? இது 30 மில்லிபார் எல்பிஜிக்கா? மணிக்கு எவ்வளவு கேஸ் குடிக்கும்? விக்கிறவர் இரண்டாவது கேள்விக்கே முழிச்சார்னா, ஆஃபர் எவ்வளவா இருந்தாலும் அடுத்த கடைக்குப் போங்க.