பொதுக் கிணற்றைத் தூர் வாருவது யார்?

2024 மார்ச் 29, புனித வெள்ளி. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃபிராயின்ட், கணினிப் பாதுகாப்பு வல்லுநர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு ஓர் எச்சரிக்கையை அனுப்பினார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் நிரல் ஒன்று வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி தாமதமாக இயங்குவதை, வேறொரு சோதனையின்போது அவர் தற்செயலாகக் கவனித்திருந்தார். காரணத்தைத் தேடிச் சென்றவர், லினக்ஸ் கணினிகளில் பரவலாக இடம்பெறும் 'எக்ஸ்இஸட் யுடில்ஸ்' என்ற மென்பொருளில் திட்டமிட்டு மறைத்து வைக்கப்பட்டிருந்த பின்கதவைக் கண்டுபிடித்தார்.

அந்தக் கதவின் சாவியை வைத்திருப்பவர் எவராயினும், பாதிக்கப்பட்ட கணினிகளைத் தம் விருப்பப்படி இயக்க முடிந்திருக்கும். நல்வாய்ப்பாக, பழுதுபட்ட பதிப்புகள் பெரும்பாலும் சோதனை நிலையிலிருந்த லினக்ஸ் வெளியீடுகளையே அதுவரை எட்டியிருந்தன. இன்னும் சில மாதங்கள் கடந்திருந்தால் உலகெங்குமுள்ள எண்ணற்ற சேவையகக் கணினிகளுக்குள் அது குடியேறியிருக்கும்.

பின்கதவைவிட, அது உள்ளே நுழைந்த வழியே நம்மை அதிகம் கவலைகொள்ளச் செய்ய வேண்டும். அம்மென்பொருளைப் பல ஆண்டுகளாக ஏறக்குறையத் தனியொருவராகப் பராமரித்து வந்தவர், பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கோலின். ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில் அவர் செய்துவந்த பணி அது. 2022-இல் அதிகம் அறியப்படாத சில பெயர்களிலிருந்து, 'ஏன் இவ்வளவு தாமதம், வேறொருவரிடம் ஒப்படைக்கலாமே' என்ற நெருக்குதல் தொடர்ந்து வந்தது. தம் மனநலச் சிக்கல்களையும், இது ஊதியமில்லாப் பணி என்பதையும் அவர் பொதுவெளியிலேயே விளக்க நேர்ந்தது. அந்நேரத்தில் பொறுமையாகக் கைகொடுத்து நம்பிக்கையைப் பெற்றவர் 'ஜியா டான்' என்ற பெயரில் இயங்கிய ஒருவர். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல பங்களிப்பாளராக நடந்துகொண்டு, வெளியீட்டுப் பொறுப்பையே கைக்கொண்ட பின்னர் அவர் பின்கதவைப் பொருத்தினார். அவர் யார், தனிமனிதரா, ஒரு குழுவா என்பது இன்றுவரை வெளிப்படவில்லை.

ஆக, இங்கு முதலில் உடைக்கப்பட்டது கணினியின் பூட்டு அன்று. களைத்துப்போன ஒரு மனிதரின் தனிமைதான் வாயிலாகப் பயன்பட்டது.

இது முதல் எச்சரிக்கையும் அன்று. இணையப் பரிமாற்றங்களை மறையாக்கம் செய்யும் 'ஓப்பன் எஸ்எஸ்எல்' மென்பொருளில் 2014-இல் 'ஹார்ட்பிளீட்' என்னும் பெருங்குறை கண்டறியப்பட்டது. உலக வணிகமே நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் மட்டுமே நன்கொடையாகக் கிடைத்து வந்தது அப்போதுதான் தெரியவந்தது. 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' குறை வெளிப்பட்டபோது, விடுமுறைக் காலத்தில் இரவு பகலாக அதைச் சரிசெய்தவர்களும் தன்னார்வலர்களே. ஒவ்வொரு முறையும் சில மாதங்கள் பேசுகிறோம், பிறகு மறந்துவிடுகிறோம்.

திறமூல மென்பொருள் ஊர்ப் பொதுக் கிணறு போன்றது. எவரும் நீர் இறைக்கலாம். 2024-இல் வெளியான ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வறிக்கை, பரவலாகப் பயன்படும் திறமூல மென்பொருள்களை ஒருமுறை மீண்டும் எழுத ஏறத்தாழ 415 கோடி டாலர் போதும் என மதிப்பிட்டது. ஆனால், அவை இல்லாமற்போய் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே உருவாக்கிக்கொள்ள நேர்ந்தால் ஆகும் செலவு 8.8 லட்சம் கோடி டாலர். இத்தனை பேர் நீர் இறைக்கும் கிணற்றைத் தூர் வாருவது யார் என்பதே கேள்வி.

செயற்கை நுண்ணறிவு இக்கேள்வியை மேலும் அவசரமாக்கியுள்ளது. 'கர்ல்' மென்பொருளை உருவாக்கிய ஸ்வீடன் நாட்டவர் டேனியல் ஸ்டென்பெர்க், இல்லாத குறையை இருப்பதாகக் கூறும், இயந்திரம் எழுதிய அறிக்கைகள் குவிந்து தம் குழுவின் நேரத்தை விழுங்குவதாகத் தொடர்ந்து எடுத்துரைத்து வருகிறார். அதே கருவிகள் திறமையாளர் கையில் உண்மையான குறைகளையும் கண்டுபிடிக்கின்றன என்பதை அவர் மறுக்கவில்லை. எனினும், அறிக்கை பொய்யாயினும் மெய்யாயினும் அதைப் படித்து முடிவெடுக்கும் சுமை அதே சிலரின் தோள்களில்தான் விழுகிறது.

'எவரும் பார்க்கக்கூடிய மூலநிரல் என்பதால்தான் இந்த ஆபத்து. மூடிய மென்பொருளே பாதுகாப்பானது' என்று வாதிடுவோர் உண்டு. எக்ஸ்இஸட் நிகழ்வே அதற்கு மறுமொழி. மூலநிரலும் அதன் மாற்ற வரலாறும் திறந்திருந்ததால்தான், தொடர்பில்லாத ஒரு பொறியாளரால் அரை விநாடித் தாமதத்தின் வேரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. திறந்திருப்பது குறையன்று, கவனிப்பாரின்றித் திறந்திருப்பதே குறை.

பணம் மட்டுமே தீர்வாகிவிடாது என்பதும் உண்மை. தனியொருவருக்கு ஊதியம் தந்தாலும் அவர் தனியொருவரே. நிரலைச் சரிபார்க்க இரண்டாம் கண்ணும், ஓய்வெடுக்கும்போது பொறுப்பேற்க மாற்றுக் கையும் வேண்டும். ஜெர்மனி 2022-இல் தொடங்கிய 'இறையாண்மைத் தொழில்நுட்ப நிதியம்' அந்தத் திசையில் ஒரு முன்மாதிரி. கர்ல், லாக்4ஜே உள்ளிட்ட அடித்தள மென்பொருள்களின் பராமரிப்புக்கு அது அரசுப் பணத்தை வழங்கியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் பொருந்தும். திறமூலத்தைத் தம் பொருளில் சேர்த்து விற்கும் நிறுவனங்களே அப்பொருளின் பாதுகாப்புக்குப் பொறுப்பு என்பது அதன் சாரம்.

இந்தியா எங்கே நிற்கிறது? அரசு அமைப்புகளில் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-இல் அறிவித்தது. ஆதார் கட்டமைப்பு பெருமளவு திறமூலத்தின் மேல் எழுப்பப்பட்டது. தனியார் துறையில் 'ஜெரோதா' நிறுவனம் 2024-இல் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் நிதியை இதற்கென அறிவித்தது பாராட்டுக்குரியது. ஆனால், 2015 கொள்கை அதன் பெயர் சொல்வதைப் போலவே, ஏற்பதைப் பற்றியது. பெற்றதைப் பேணுவதற்கும் நமக்கு ஒரு கொள்கை தேவை.

அரசு தன் முக்கியச் சேவைகள் எந்தெந்தத் திறமூல மென்பொருள்களை நம்பியுள்ளன என்ற பட்டியலை முதலில் தயாரிக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பக் கொள்முதலில் ஒரு சிறு பங்கை அவற்றின் பராமரிப்புக்கு ஒதுக்கலாம். பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டப்பணிகளை அலமாரியில் உறங்கவிடாமல், வழிகாட்டுதலுடன் இத்தகைய மென்பொருள்களின் சோதனைக்கும் ஆவணப்படுத்தலுக்கும் திருப்பிவிடலாம். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு பிடிக்காது.

அன்று உலகைக் காத்தது ஒரு மனிதரின் கூர்ந்த கவனம். அடுத்த முறையும் அந்த அரை விநாடியை ஒருவர் கவனிப்பார் என்று நம்பியிருப்பது பாதுகாப்புத் திட்டம் ஆகாது.