குச்சிக்குப் பிறகு என்ன? கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சுயமாதிரிப் பரிசோதனை குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் எச்.பி.வி. வைரஸ் சோதனை முறையை நம் வட்டாரத்தில் கொண்டுவருவது பற்றிச் சங்கத்திடம் கருத்துக் கேட்கப்பட்டிருக்கிறது. பதில் சொல்லக் கொடுத்த அவகாசம் ஒரே வாரம். மாவட்டக் குழு இரண்டு முறை கூடிப் பேசியது. எல்லாரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போன அளவுக்கு எழுதியது இது.

முறையைச் சங்கம் கொள்கை அளவில் வரவேற்கிறது. பஞ்சுக் குச்சியைப் பிறப்புறுப்புக்குள் விட்டுச் சில சுற்று சுற்றி எடுத்து, குழாயில் போட்டு மூடித் தர வேண்டும், அவ்வளவுதான். திரை இல்லாத அறையில் மேசைமேல் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. பி.சி.ஆர். முறையில் சோதித்தால், மருத்துவர் எடுத்த மாதிரிக்கும் பெண் தானே எடுத்த மாதிரிக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல், பரிசோதனைக்குரிய வயதில் உள்ள எல்லாப் பெண்களும் இந்த முறையைத் தேர்ந்துகொள்ளலாம். அப்படியிருக்க, கருத்துக் கேட்புக் கூட்டத்தில் "படிக்காத பொம்பளைங்க இதைச் சரியாச் செய்ய மாட்டாங்க" என்று பேசப்பட்டதை வன்மையாகக் கண்டிக்கிறோம். தம் உடம்பைத் தாமே பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியே இல்லாமல் வாழ்ந்தவர்களைப் பார்த்துச் சொல்லும் வார்த்தையா இது?

எங்கள் கவலையெல்லாம் குச்சிக்குப் பிறகு நடப்பதைப் பற்றியது.

அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் இப்போதைய முறையில் ஒரு வசதி உண்டு. வெள்ளைத் திட்டு இருந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். கருவியும் கைப்பழக்கமும் உள்ள இடமாக இருந்தால், பொருத்தமானவர்களுக்கு அன்றே சிகிச்சை முடித்து அனுப்பலாம். குழாய் அப்படியில்லை. அது ஆய்வகத்துக்குப் போக வேண்டும், முடிவு வர வேண்டும், வந்தது அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும், அவர் மறுபடி கிளம்பி வர வேண்டும். இதில் எந்த இடத்திலும் நூல் அறுந்துபோகலாம்.

அறுந்ததை நாம் பார்த்தோம். போன பரிசோதனை முகாமுக்குப் பிறகு நடந்தது எல்லாக் கிளைகளுக்கும் தெரியும். ஒரே ஒரு தோழரைப் பற்றி மட்டும், அவர் சம்மதத்தோடு, சொல்கிறோம். மேல்சிகிச்சைக்குப் போகச் சொல்லிக் கொடுத்த சீட்டை அவர் ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தார். மூன்று முறை போனார். முதல் முறை மருத்துவர் விடுப்பு. அடுத்த முறை கருவி பழுது. மூன்றாம் முறை, "செவ்வாய்க்கிழமை வாங்கம்மா." மூன்று நாள் கூலி போனதுதான் மிச்சம். நான்காம் முறை அவர் போகவில்லை. நாங்கள் விசாரிக்கப் போனபோது மடிப்பில் மை அழிந்து, எங்கே போகச் சொன்னார்கள் என்பதே சீட்டில் தெரியவில்லை. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். யார் வரவில்லை?

இது திண்டுக்கல் மாவட்டம். 2000-இல் இங்கே தொடங்கிய ஆய்வில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அசிட்டிக் அமிலப் பரிசோதனை நடந்தது. இந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அந்தப் பரிசோதனை இல்லாமல் விடப்பட்ட ஏறத்தாழ 31 ஆயிரம் பெண்களும் நம்மவர்களே. நம் உடம்பை வைத்து உலகம் பாடம் படித்துக்கொண்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுக்குள் ஒரு முறையாவது கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு. இந்தியா முழுவதற்கும் 1.9 என்பதால் இதைச் சாதனை என்கிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விடுபட்டதற்கு என்ன பெயர்?

ஆகவே, சிகிச்சை நடக்கும் இடமும் நாளும் உறுதியாகாமல் எந்த ஊரிலும் குழாய் சேகரிக்கக் கூடாது. முடிவு எத்தனை நாளில் வர வேண்டும் என்பதில் 15 நாள், 30 நாள் என இரு கருத்து இருந்தது. "நியாயமான காலத்துக்குள், எப்படியும் ஒரு மாதத்துக்கு மிகாமல்" என்று முடிவானது. சிகிச்சைக்கு வரும் நாளின் கூலி இழப்பை ஈடுசெய்வது "இயன்றவரை பரிசீலிக்கப்பட வேண்டும்" என்பது பெரும்பான்மை முடிவு. "இயன்றவரை" என்ற சொல்லை ஏற்காத மூன்று உறுப்பினர்களின் மறுப்பு பதிவு செய்யப்பட்டுள்ளது.

புதிய முறை நிலைபெறும்வரை பழைய பரிசோதனையை நிறுத்தக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவத் திட்டத் தன்னார்வலர்கள் தலையில் இந்த வேலையை ஏற்றுவதானால் அதற்குத் தனி ஊதியம் வேண்டும். எச்.பி.வி. இருந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். முடிவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அறிவிக்கக் கூடாது.

உறுப்பினர்களுக்கு: மாதவிலக்கு நின்ற பிறகோ, இரு மாதவிலக்குகளுக்கு இடையிலோ, உறவுக்குப் பிறகோ ரத்தம் பட்டால் குச்சிக்குக் காத்திருக்காமல் நேரே மருத்துவரிடம் போங்கள். குழாயைக் கொடுக்கும்போது முடிவு வரும் தேதியையும் சிகிச்சை நடக்கும் இடத்தையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அன்றைக்கே கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.