மூன்றாம் குவளை

வண்டலூரில் இரயிலேறி வடக்கு நோக்கிச் சென்றால் பெருங்களத்தூர் வரும்; தாம்பரம் வரும்; அதற்கடுத்த நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். நாள்தோறும் ஆயிரமாயிரம் பேர் அங்கே ஏறுகின்றனர், இறங்குகின்றனர். சானடோரியத்தில் மனை வாங்கியிருக்கிறோம் என்று பெருமையோடு பேசுகின்றனர். அந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன? காசநோயாளர் தங்கி உடல் தேறும் இல்லம் என்பதே பொருள். நோயில்லத்தின் பெயரை ஊர்ப்பெயராக வாய் நிறையச் சொல்லும் அதே மக்கள், நோயின் பெயரை மட்டும் வாய்விட்டுச் சொல்ல நடுங்குகின்றனர். மனைக்குப் பெயரானால் இனிக்கிறது. மனையில் இருப்பவளுக்கு நோயானால் கசக்கிறது! இந்த விந்தையைப் பற்றித்தான் தோழர்களோடு சற்று உரக்கவே பேச எண்ணுகிறோம்.

நாம் பள்ளியிலே பணியாற்றுகிறவர்கள். பல நாள் வகுப்புக்கு வராத பிள்ளைகளை அழைத்துக் காரணம் கேட்பது நம் கடமைகளுள் ஒன்று. ஒரு சிறுவன் சொன்னான்: "அம்மாவுக்கு மஞ்சள் காமாலை, ஐயா." மறு மாதமும் அதே காமாலை. அதற்கடுத்த மாதமும் அதே. பின்னர் அந்த அம்மையே வந்தார். தாழ்வாரத்தில் யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டபின், காசநோய் என்று உதடு அசைவது மட்டும் தெரியும்படி சொன்னார். மாத்திரை வாங்க நடந்து செல்லும் தொலைவில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அவரோ இரண்டு பேருந்து மாறி வேறோர் ஊருக்குச் செல்கிறார். அங்கே தெரிந்த முகம் எதுவும் இராதாம். கூலிக்குச் செல்லாத நாளில் பேருந்துக்குப் பணமில்லை. பணமில்லாத நாளில் மாத்திரையுமில்லை. வீட்டிலே அவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை. சன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்த அந்தக் குவளையை மகன்கூடத் தொடுவதில்லை.

பதினோரு வயதுப் பிள்ளைக்கு முதல் பொய்யைக் கற்பித்த ஆசிரியர் யார்? தாயல்ல. தெருவே கற்பித்தது.

தேநீர்க் கடைகளில் சாதிக்கொரு குவளை வைத்த கொடுமையை எதிர்த்து முழங்கிய மரபில் வந்தவர்கள் நாம். இரட்டைக் குவளை எங்கே வைக்கப்பட்டிருந்தாலும் அதை உடைத்தெறிய வேண்டும் என்போம்; மேசையைத் தட்டியும் சொல்லுவோம். அப்படித் தட்டிவிட்டு வீடு திரும்பும் வீரர் சிலரின் அடுக்களையிலே மூன்றாவது குவளை ஒன்று கவிழ்ந்து கிடக்கிறதே, அதை என்னென்பது? கேட்டால் அறிவியலையே துணைக்கு அழைக்கின்றனர். "இது சாதியன்று, தோழா, சுகாதாரம்!" என்கின்றனர்.

எந்தச் சுகாதார நூலில் எழுதியிருக்கிறது? நுரையீரல் காசநோய் காற்றின் வழிப் பரவுவது. நோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகளில் கிருமி மிதக்கிறது. அடைந்து கிடக்கும் அறையில் அதை நெடுநேரம் மூச்சில் வாங்குகிறவருக்குத் தொற்று ஏற்படலாம். தட்டிலும் குவளையிலும் அது தொற்றுவதில்லை. கைகுலுக்கினால் தொற்றுவதில்லை. துணி துவைக்கும் கல்லிலும் குழாயடியிலும் தொற்றுவதில்லை. உரிய மருந்தைத் தொடங்கி ஒழுங்காக உட்கொண்டால், சில வாரங்களுக்குள்ளேயே பரப்பும் ஆற்றல் பெரிதும் அடங்கிவிடுகிறது. ஆகவே சுகாதாரம் கேட்பது திறந்த சன்னலையும், இருமும் வாயை மூடும் துணியையும், தவறாத மாத்திரையையுந்தான். குவளையைப் பிரித்துவிட்டுச் சன்னலைச் சாத்தி வைப்பவன் சுகாதாரம் பேசத் தகுதியற்றவன்.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது? பழைய புளுகு ஒன்று இருக்கிறது. சந்திரனுக்கு இருபத்தேழு மனைவியராம், அவர்களுள் உரோகிணியிடம் மட்டும் அவன் மிகுந்த காதல் கொண்டானாம், மற்ற பெண்கள் முறையிட, மாமனார் தக்கன் வெகுண்டு, "நீ தேய்ந்து போவாயாக!" எனச் சபித்தானாம். அந்தச் சாபமே க்ஷயமாம், இராஜயக்ஷ்மா என்ற பெரிய பட்டத்தோடு! இருபத்தேழு பேரை மணந்தது குற்றமில்லையாம். ஒருத்தியை விரும்பியதுதான் குற்றமாம். அந்த நீதியின் அழகை மற்றொரு நாள் ஆராய்வோம். நோய் என்பது குற்றத்துக்குக் கிடைத்த தண்டனை, நோயாளி என்பவன் ஏதோ செய்திருப்பவன் என்ற நஞ்சைத்தான் இந்தக் கதை தலைமுறை தலைமுறையாக ஊட்டி வந்தது. 1882ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள், பெர்லின் நகரில் இராபர்ட் கோக் என்னும் மருத்துவ அறிஞர், காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்று அறிஞர் அவையில் மெய்ப்பித்துக் காட்டினார். 1969ஆம் ஆண்டில் மனிதன் நிலவிலேயே இறங்கி நடந்தான். கல்லும் மண்ணும் அள்ளி வந்தான். அங்கே எவருக்கும் இருமல் இருந்ததாகச் செய்தியில்லை.

கதையை நம்பாத நண்பர் சிலர் அதே நஞ்சை வேறு கிண்ணத்தில் பருகுகின்றனர். "அது பரம்பரை நோயப்பா" என்று சொல்லிப் பெண் பார்க்கச் சென்ற இடத்திலிருந்து திரும்பி வருகின்றனர். காசநோய் பரம்பரை நோயன்று. சாபத்துக்குச் சட்டை மாட்டிவிட்டதால் அது அறிவியல் ஆகிவிடாது.

சானடோரியத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் பயின்று, அங்கேயே காசநோய் இல்லம் நடத்திய டாக்டர் டேவிட் சௌரிமுத்து, 1928ஆம் ஆண்டு தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு இதைத் தொடங்கினார். 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்று 700க்கும் மேற்பட்ட படுக்கைகளோடு நெஞ்சக நோய் மருத்துவமனையாக நிற்கிறது. தொடங்கிய நாளில் காசநோயைக் கொல்லும் மருந்து உலகில் எங்குமே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே மருத்துவம். நோயாளியை ஊரைவிட்டு அப்பால் வைத்ததற்கு அன்று ஒரு காரணம் இருந்தது.

அந்தக் காரணத்தை உடைத்தது எந்த நாட்டு ஆராய்ச்சி தெரியுமா? நம் சேத்துப்பட்டில் நடந்த ஆராய்ச்சி! 1956ஆம் ஆண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலகச் சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடி அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தன. கேள்வி எளியது. புதிய மருந்துகள் வந்துவிட்டன. இனி நோயாளியைச் சானடோரியத்தில் அடைத்து வைத்தேயாக வேண்டுமா, வீட்டிலிருந்தே மருந்து உண்டால் போதாதா? சென்னை நகரத்து ஏழை நோயாளிகளை எடுத்துக்கொண்டனர். ஒரு பகுதியினர் சானடோரியத்தில், நல்ல உணவோடும் ஓய்வோடும். மறு பகுதியினர் தம் குடிசைகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும், அரை வயிற்றுக் கஞ்சியோடும் அன்றாட வேலையோடும். ஓராண்டு மருத்துவத்துக்குப் பின் பார்த்தபோது, வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அவர்களைப் போலவே தேறியிருந்தனர்! வீட்டில் மருந்துண்டவர்களின் மனைவி மக்களுக்கு, மற்றவர்களின் குடும்பத்தாரைக் காட்டிலும் மிகுதியாக நோய் வரவுமில்லை. தொற்ற வேண்டியது மருந்து தொடங்குமுன்பே தொற்றியிருந்தது. மருந்து தொடங்கிய பின் ஒதுக்கி வைப்பதால் ஆவது ஒன்றுமில்லை. 1959இல் அந்த முடிவு வெளியாயிற்று. உலக நாடுகளின் காசநோய் மருத்துவமே அதனால் திசை மாறிற்று. சேத்துப்பட்டுக் குடிசைகள் உலகத்து மருத்துவக் கல்லூரிகளுக்குப் பாடம் நடத்தின என்று சொன்னால் மிகையில்லை.

அந்த முடிவின் உட்பொருளைத் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவமனைச் சுவரை அறிவியல் இடித்துவிட்டு, "நோயாளியே, வீட்டுக்குப் போ" என்றது. அன்று முதல் தெருவே மருத்துவமனையின் ஒரு கூடம் ஆயிற்று; அண்டை வீட்டாரே அதன் பணியாளர் ஆயினர். இப்படியொரு பொறுப்பு நம் தலையில் வைக்கப்பட்டு அறுபது ஆண்டு கடந்துவிட்டது. நாமோ இடித்த சுவரின் செங்கற்களைப் பொறுக்கி வந்து வீட்டுக்கு வீடு சிறு சுவர் எழுப்பிக் கொண்டிருக்கிறோம்! மகனுக்கும் தாய்க்கும் இடையே ஒன்று, குழாயடிக்கும் குடத்துக்கும் இடையே ஒன்று.

அதே மருத்துவமனை இன்னொரு பாடத்தையும் கற்பித்தது. 1986ஆம் ஆண்டு, டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவியார் நிர்மலாவும் சென்னையில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். பின்னர் நோயுற்றோர் பெருகியபோது, பல இடங்களில் கதவு சாத்தப்பட்டது. தொட அஞ்சினர், ஊசி போட அஞ்சினர். 1993 முதல் தாம்பரம் அவர்களை ஏற்றது. அண்டை மாநிலங்களிலிருந்தெல்லாம் இரயிலேறி வந்தனர். 2004 ஏப்பிரலில் நடுவண் அரசு விலையில்லா மருந்தைத் தொடங்கியபோது, அதை வழங்கிய முதல் மருத்துவமனைகளுள் இதுவும் ஒன்று. ஒதுக்கி வைப்பதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் 2017இல்தான் நிறைவேறிற்று. சட்டம் வரும்வரை காத்திராமல் தொட்டுத் தூக்கிய செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் நம் பகுதியில் வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர். எந்த நாற்சந்தியிலும் அவர்களுக்குச் சிலையில்லை. சிலை வேண்டுமென்றும் நாம் கேட்கவில்லை. அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்காதிருந்தால் போதும்.

இனி, கொடை வள்ளல்களைப் பற்றி. 2022 செப்டம்பரில் நடுவண் அரசு ஒரு திட்டம் வகுத்தது. காசநோயாளியை யார் வேண்டுமானாலும் "தத்து" எடுக்கலாம். மாதந்தோறும் உணவுக் கூடை வழங்கலாம். கூடையைக் குறை சொல்ல மாட்டோம். சார்க்கண்டு மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆராய்ச்சியொன்று, நோயாளியின் குடும்பத்தாருக்கு அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் மாதந்தோறும் கொடுத்தபோது, அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 100க்கு 40 பங்கு குறைந்ததென்று காட்டிற்று. பசிதான் இந்நோய்க்கு விளைநிலம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. ஆனால் கூடையோடு கூடவே வருகிறதே புகைப்படக் கருவி, அதைத்தான் குறை சொல்லுகிறோம். ஒரு பக்கம் வள்ளல், ஒரு பக்கம் தட்டி, நடுவே தலை குனிந்து நிற்கும் ஒரு பெண். ஐந்து கிலோ அரிசிக்கு அவள் கொடுத்த விலை, ஊரறியத் தன் நோயை அறிவித்தது. காமாலை என்று சொல்லக் கற்ற மகன் மறுநாள் பள்ளிக்கு எந்த முகத்தோடு வருவான்?

அதே நோயாளிக்கு அரசு வங்கிக் கணக்கில் ஊட்ட உதவி வழங்குகிறது. 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்ந்தது. நாளொன்றுக்கு 33 ரூபாய். ஒரு முட்டை, ஒரு குவளைப் பால், மிச்சம் கொஞ்சம் சில்லறை. போதுமா என்றால் போதாது. ஆனால் அது உரிமை. அதைப் பெற எவருக்கும் முன்னே தலை குனிய வேண்டுவதில்லை. அதை உயர்த்தச் சொல்லிக் கேட்பதும், மாதந்தவறாமல் வந்து சேர்கிறதா என்று கேட்பதும் ஆண்மக்களின், பெண்மக்களின் வேலை. கூடையைத் தூக்கிக்கொண்டு படமெடுப்போரைத் தேடுவது அந்த வேலையாகாது.

"இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டியதல்லவா? நாம் என்ன செய்ய முடியும்?" என்று சோம்பல் முறிப்போர் உண்டு. 1939ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. குடிநீர், வடிகால், தொற்றுநோய்த் தடுப்பு ஆகிய கடமைகளை அது ஊராட்சி மன்றங்கள், நகராட்சி மன்றங்களின் தலையில் வைத்தது. அந்த மன்றங்களைக் கேள்வி கேட்க நமக்கு அவையும் உண்டு. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று; நகரத்தாருக்கும் 2022 முதல் பகுதி சபை உண்டு. இந்த அவைகளில் நாம் கண்ட காட்சி என்ன? தெருவிளக்கைப் பற்றிப் பேசுவர், பட்டாவைப் பற்றிப் பேசுவர், பேசத்தான் வேண்டும். காசநோய் என்ற சொல் மட்டும் எழுவதில்லை. நமக்கு அன்று விடுமுறை, தொலைக்காட்சியில் புதுப்படம்.

2023 முதல் "காசநோயில்லா ஊராட்சி" என்று சான்றளிக்கும் திட்டம் நடந்து வருகிறது. ஆயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதற்கொரு விதி. இந்த விதியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் ஆபத்து. நோயைக் குறைத்தும் சான்று பெறலாம், நோயாளியை மறைத்தும் சான்று பெறலாம்! அதனால்தான் இன்னொரு விதியும் வைத்திருக்கின்றனர்: ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 30 பேருக்கேனும் சோதனை நடந்திருக்க வேண்டும். நம் இளைஞர் முதலில் கேட்க வேண்டிய கணக்கு இதுவே. நம் ஊரில் சென்ற ஆண்டு எத்தனை பேரின் சளி சோதிக்கப்பட்டது? செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் இருக்கும் வெளி மாநிலத் தொழிலாளர் அந்தக் கணக்கில் உண்டா? மருந்து தொடங்கியவர்களுள் எத்தனை பேர் ஆறு மாதமும் முடித்தனர்? எத்தனை பேருக்கு 1000 ரூபாய் வந்து சேரவில்லை? உலகத்துக் காசநோயாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். 2025க்குள் ஒழிப்போம் என்று நடுவண் அரசு நாள் குறித்திருந்தது. அந்த நாளும் வந்து போயிற்று.

நோயாளிகளின் பெயரை அவையில் கேட்கலாமா என்று ஒரு தோழர் நம்மிடம் ஐயம் எழுப்பினார். கேட்கவே கூடாது. எண்ணிக்கையைக் கேளுங்கள், பெயரைச் சொல்ல யாரேனும் வாயெடுத்தால், எழுந்து நின்று தடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிற அண்டை வீட்டாரைச் சளி சோதனைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். மறைக்க விரும்பினால் மறைக்கட்டும், நீங்களும் வெளியே சொல்லாதீர்கள். திரும்பி வரும் வழியில் ஒரு தேநீர்க் கடையில் உட்காருங்கள். இருவருக்கும் ஒரே மாதிரிக் குவளையில் தேநீர் வாங்குங்கள்.